ஏட்டையா பதில்கள்: ஸ்டேஷனில் யாரைப் பார்ப்பது?

(சென்னை மாநகரக் காவலில் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்து, பல வருடம் ஸ்டேஷன் ரைட்டராக இருந்து, சிறப்பு எஸ்.ஐ.யாக ஓய்வு பெற்றவர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

செயின் அறுப்புப் புகார் கொடுக்கப் போனேன். வாசலில் துப்பாக்கியோடு நின்றவர் உள்ளே போகச் சொன்னார். உள்ளே இருந்த பெண் காவலர் ரைட்டரைப் பார்க்கச் சொன்னார். ரைட்டர், ‘இது க்ரைம், மாடிக்குப் போங்க’ என்றார். மாடியில் ஒரு ஈ காக்கை இல்லை. ஒரு ஸ்டேஷனுக்குள் எத்தனை ஸ்டேஷன் ஐயா இருக்கிறது?
– வாசகி, மேற்கு மாம்பலம்

மூன்று இருக்கிறது, அம்மா. சென்னையில் பெரும்பாலான இடங்களில் ஒரே கட்டடத்துக்குள் சட்டம் ஒழுங்குக்கு ஓர் இன்ஸ்பெக்டர், குற்றப் பிரிவுக்கு இன்னோர் இன்ஸ்பெக்டர் இருப்பார்கள். போக்குவரத்துக்கு வேறொருவர். அவருடைய எல்லை பல நேரம் முதல் இருவரின் எல்லையோடு ஒத்துப்போகாது. அடிதடி, மிரட்டல், வாடகைத் தகராறு, ஊர்வலம், கோயில் திருவிழா எல்லாம் எல் அண்ட் ஓ. திருட்டு, வழிப்பறி, செயின் அறுப்பு என்றால் க்ரைம். உங்களை மாடிக்கு அனுப்பியது தப்பில்லை. மாடியில் ஆள் இருக்கிறதா என்று பார்க்காமல் அனுப்பியதுதான் தப்பு. க்ரைம் பார்ட்டி பெரும்பாலும் வெளியில்தான் சுற்றிக்கொண்டிருக்கும்.

வாசலில் நின்றவர் ‘பாரா’. முறை மாற்றி நிற்பார்கள். லாக்கப்பில் ஆள் இருந்தால் அவரும் பாராவின் பொறுப்பு, ஆயுத அறையும் பாராவின் பொறுப்பு. உங்கள் கதையை அவரிடம் சொல்லிப் பயனில்லை. அவர் நின்ற இடத்தைவிட்டு நகர முடியாது. உள்ளே இருந்த பெண் காவலர் வரவேற்பாளர். அவரிடம் பெயரைச் சொல்லி, என்ன விஷயம் என்று ஒரே வரியில் சொல்லுங்கள். அப்புறம் அன்றைக்கு ஸ்டேஷன் டியூட்டியில் இருக்கும் எஸ்.ஐ. யார் என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வி போதும். க்ரைம் இன்ஸ்பெக்டர் கோர்ட்டில் இருந்தாலும், தனிப்படையோடு ஆந்திரா போயிருந்தாலும், ஸ்டேஷனில் புகார் வாங்க ஆள் இல்லாமல் போகாது. ‘நாளைக்கு வாங்க’ என்று யாராவது சொன்னால், ‘சரி, புகாரை இன்றைக்கு வாங்கிக்கொண்டு நம்பர் கொடுங்கள், நாளைக்கும் வருகிறேன்’ என்று சொல்லுங்கள்.

‘எங்கள் எல்லை இல்லை’ என்று அனுப்பினாலும் அதே பதில்தான். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் புகாரை வாங்கச் சொல்கிறது. ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பது இதுதான். எல்லை எது என்பதை அவர்கள் பிறகு பேசி அனுப்பிக்கொள்ளட்டும்.

ரைட்டர் என்றால் என்ன பதவி? அவர் என்னதான் எழுதுகிறார்?
– வாசகர், வில்லிவாக்கம்

என் சொந்தத் தொழிலைக் கேட்டுவிட்டீர்கள். கொஞ்சம் நீளமாகத்தான் சொல்வேன்.

ரைட்டர் பதவி அல்ல, வேலை. பெரும்பாலும் மூன்று பட்டை வைத்த தலைமைக் காவலர், அதாவது ஏட்டு. சில ஸ்டேஷன்களில் முதல்நிலைக் காவலரே ரைட்டராக இருப்பார். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று யாரோ ஓர் இன்ஸ்பெக்டர் கண்ணில் பட்டுவிட்டால் ஆயுசுக்கும் அந்த நாற்காலிதான். ஓட்டப்பந்தயத்தில் பரிசு வாங்கிச் சேர்ந்தவன் நான். முதுகுவலியோடு ஓய்வு பெற்றேன்.

எழுதுவதில் முதலில் வருவது ஜெனரல் டைரி. எங்கள் வாயில் ஜி.டி. யார் டியூட்டிக்கு வந்தார், யார் எங்கே போனார், எத்தனை மணிக்குக் கைதி வந்தார், எந்தத் துப்பாக்கி யார் கையில் போனது, எல்லாம் மணி போட்டு ஏற வேண்டும். இன்ஸ்பெக்டர் ரவுண்ட்ஸ் கிளம்பினாலும் ஜி.டி.யில் ஏறும். பின்னாளில் ஒரு வழக்கறிஞர் கூண்டில் நிறுத்தி, ‘இந்த நேரத்தில் இந்தக் காவலர் அங்கே இருந்தாரா?’ என்று கேட்கும்போது, ஸ்டேஷன் மானத்தைக் காப்பதும் வாங்குவதும் அந்த ஒரு வரிதான்.

அடுத்தது காலை, மாலை ரோல்கால். நின்ற ஆட்களை எண்ணி, யாருக்கு எந்த பீட், யாருக்கு இரவு ரோந்து, யாருக்குக் கோர்ட், யாருக்குத் தபால், யாரை வெளி பந்தோபஸ்துக்கு அனுப்புவது என்று பிரிப்பது. அதிகாரப்படி அதை இன்ஸ்பெக்டர் பிரிக்கிறார். நடைமுறையில் பட்டியல் ரைட்டர் கையில். அதனால்தான் புதுக் காவலர்கள் இன்ஸ்பெக்டருக்கு அடிக்கும் சல்யூட்டைவிட ரைட்டருக்கு வாங்கித் தரும் டீயில் பயபக்தி அதிகம்.

எஃப்.ஐ.ஆர். போட்டால் ஒரிஜினல் கோர்ட்டுக்கு, நகல் புகார் கொடுத்தவருக்கு, மேலே அதிகாரிகளுக்கு. பிடித்த பொருள் எல்லாம் ஃபார்ம் 95-இல் ஏறிக் கோர்ட்டுக்குப் போக வேண்டும். இன்ஸ்பெக்டர் எழுதும் வழக்கு நாட்குறிப்பு வேறு, ஜி.டி. வேறு, இரண்டிலும் நேரம் ஒன்றுக்கொன்று முட்டாமல் பார்த்துக்கொள்வதும் ரைட்டரின் தலையெழுத்து. இப்போது சி.சி.டி.என்.எஸ். என்று ஸ்டேஷன்களை இணைக்கும் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. எழுதும் வேலை குறையும் என்றார்கள். கம்ப்யூட்டரில் ஒருமுறை ஏற்றி, நோட்டில் ஒருமுறை எழுதி, வாட்ஸ்அப்பில் ஒருமுறை படம் பிடித்து அனுப்புவதாக என் இடத்துக்கு வந்த தம்பி சொல்கிறார்.

பேப்பர், கார்பன், கார்ட்ரிட்ஜ் செலவுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று மட்டும் கேட்காதீர்கள். புகார் கொடுக்க வருபவரிடம் ‘ஒரு கொயர் வெள்ளைத்தாள் வாங்கி வாங்க’ என்று சொல்லும் பழக்கம் அங்கே தொடங்கியதுதான். நீங்கள் வாங்கித் தர வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து, ‘இது போதும்’ என்று அனுப்பிவிட்டார்கள். போதுமா?
– வாசகர், கொரட்டூர்

உங்கள் புகார் வந்து சேர்ந்தது என்பதற்கு அத்தாட்சி சி.எஸ்.ஆர். வழக்குப் பதிந்ததற்கு அது அத்தாட்சி ஆகாது. பக்கத்து வீட்டுக் குழாய்த் தண்ணீர் சண்டைக்கு சி.எஸ்.ஆர். போதும், இரண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசி முடிப்பார்கள். திருட்டுக்கோ தாக்குதலுக்கோ போதாது. வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் வழக்குப் பதிந்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-இல் சொல்லிவிட்டது.

புதுச் சட்டத்தில் ஒரு சந்து வைத்திருக்கிறார்கள். மூன்று வருடம் முதல் ஏழு வருடத்துக்குள் தண்டனை உள்ள குற்றம் என்றால், டி.எஸ்.பி. அந்தஸ்து அதிகாரியின் அனுமதியோடு 14 நாளுக்குள் முதல்கட்ட விசாரணை நடத்திப் பார்க்கலாம். சென்னையில் அந்த அந்தஸ்து உதவி ஆணையர், ஏ.சி. ‘விசாரித்துக்கொண்டிருக்கிறோம்’ என்று மாதக்கணக்கில் இழுத்தால், ‘ஏ.சி. அனுமதி தேதி என்ன?’ என்று மரியாதையாகக் கேளுங்கள். குரல் மாறும்.

எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். மறுத்தால் புகாரின் சாரத்தை எழுதி துணை ஆணையருக்கு, அதாவது டி.சி.க்கு, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் பிரமாணப் பத்திரத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் மனு. எல்லோரும் செய்யும் தப்பு, இந்தப் படிகளைத் தாண்டி நேராக வேப்பேரி கமிஷனர் அலுவலகத்துக்கு ஓடுவது. அங்கே கொடுக்கும் மனு சுற்றிக்கொண்டு அதே ஸ்டேஷனுக்கு, அதே ரைட்டர் மேசைக்குத்தான் வரும். நானே எத்தனையோ வாங்கியிருக்கிறேன்.

இன்னொன்று. நீங்கள் இருப்பது கொரட்டூர். ஆவடிக்கும் தாம்பரத்துக்கும் 2022 தொடக்கத்தில் தனி ஆணையரகம் வந்துவிட்டது. மேலே மனு போடுமுன் உங்கள் ஸ்டேஷன் எந்த ஆணையரகத்தில் வருகிறது என்று அதன் பெயர்ப்பலகையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

கணவர் பெயருக்குக் கோர்ட் சம்மன் என்று ஒரு காவலர் வந்தார். அவர் வேலைக்குப் போயிருந்தார். என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். ‘பெண்கள் வாங்கக் கூடாது, திருப்பி அனுப்பு’ என்கிறார் மாமியார். யார் சொல்வது சரி?
– வாசகி, பெரம்பூர்

உங்கள் மாமியார் சொன்னது பழைய சட்டப்படி சரி. அவரைக் குறை சொல்லாதீர்கள். முன்பு, சம்மனுக்கு உரியவர் கிடைக்காவிட்டால் குடும்பத்தில் வயது வந்த ஆணிடம்தான் கொடுக்கலாம் என்று இருந்தது. எத்தனை வீட்டில் அண்ணன் தம்பி வரும்வரை திண்ணையில் உட்கார்ந்திருக்கிறேன்! இப்போது புதுச் சட்டத்தின் 66-ஆம் பிரிவு, கூடவே வசிக்கும் வயது வந்த குடும்ப உறுப்பினர் யாராக இருந்தாலும் போதும் என்கிறது. நீங்கள் வாங்கலாம். வீட்டு வேலைக்கு வரும் அம்மா வாங்க முடியாது. வேலையாள் குடும்ப உறுப்பினர் ஆகமாட்டார்.

கையெழுத்துப் போட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடுமோ என்று பயப்படுகிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. தாள் கைக்கு வந்தது, அவ்வளவுதான். அவர் கொண்டுவரும் இரண்டு பிரதியில் ஒன்றின் பின்பக்கம் பெயர், உறவுமுறை, தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். இன்னொன்றை வாங்கிக்கொண்டு, எந்தக் கோர்ட், என்ன வழக்கு எண், என்றைக்கு வாய்தா என்று அங்கேயே படியுங்கள். புரியாவிட்டால் அந்தக் காவலரையே கேளுங்கள்.

வாங்காமல் விரட்டினால் சம்மன் போய்விடாது. வீட்டுக் கதவில் ஒட்டிவிட்டு வரலாம் என்று அடுத்த பிரிவே இருக்கிறது. தெருவே படிக்கும். அதற்கும் கோர்ட்டுக்குப் போகாவிட்டால் அடுத்து வருவது பிடிவாரண்ட். அதற்கு வரும் காவலர் திண்ணையில் உட்கார மாட்டார்.

உங்கள் வீட்டுக்கு வந்தவரைப் பற்றியும் இரண்டு வரி. கோர்ட் காவலர் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒருவர் உண்டு. காலையில் கட்டு கட்டாகக் காகிதத்தோடு எழும்பூரோ சைதாப்பேட்டையோ ஜார்ஜ் டவுனோ போய்விடுவார். வாய்தா தேதிகளைக் குறித்துக்கொண்டு, சாட்சிகளை ஞாபகப்படுத்தி, புது சம்மன்களை வாங்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குத் திரும்புவார். அப்புறம்தான் வீடு வீடாக அலைச்சல். முகவரியில் ‘பிள்ளையார் கோயில் பின்புறம்’ என்று மட்டும் இருக்கும். சென்னையில் எத்தனை பிள்ளையார் கோயில்? வழக்குகள் நகர்வதும் நிற்பதும் இவர் காலில்தான் இருக்கிறது, ஆனால் பாராட்டுப் பத்திரம் வாங்கிய கோர்ட் காவலரை நான் பார்த்ததில்லை.

72 வயதான என் அப்பாவை, தெருவில் நடந்த ஒரு சண்டைக்குச் சாட்சி சொல்ல ஸ்டேஷனுக்கு வரும்படி போனில் கூப்பிடுகிறார்கள். போக வேண்டுமா?
– வாசகர், திருவல்லிக்கேணி

வேண்டாம். சாட்சியை அழைப்பதென்றால் எழுத்தில் உத்தரவு வேண்டும், போன் போதாது. அதிலும் 60 வயதைத் தாண்டிய ஆண்கள், 15 வயதுக்கு உட்பட்ட பையன்கள், பெண்கள், உடல் ஊனமோ மனநலக் குறைவோ கடும் நோயோ உள்ளவர்கள் ஆகியோரை அவர்கள் வசிக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் வரச்சொல்ல முடியாது. புதுச் சட்டத்தின் 179-ஆம் பிரிவு. முன்பு 65 என்று இருந்ததை 60 ஆக்கிவிட்டார்கள். ‘அப்பா வீட்டில்தான் இருக்கிறார், வந்து விசாரித்துக்கொள்ளுங்கள், காபி தருகிறோம்’ என்று சொல்லுங்கள். அவராகவே போக விரும்பினால் போகலாம், தடை இல்லை.

இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் தேறிவிட்டேன். எடுத்த எடுப்பில் ஸ்டேஷனில் போடுவார்களா?
– வாசகர், சங்கரன்கோவில்

வாழ்த்துகள் தம்பி. போட மாட்டார்கள். பயிற்சி முடித்ததும் சிறப்புக் காவல் படை பட்டாலியனோ ஆயுதப்படையோதான். லாரியில் ஏறுவது, வெயிலில் நிற்பது, கைதி வழிக்காவல், வி.ஐ.பி. பாதுகாப்பு, மறுபடி லாரி. சில வருடம் கழித்துத்தான் ஸ்டேஷனுக்கு மாற்றல் வரும். ஆயுதப்படையில் அலுத்துப்போய் விட்டுவிட்டுப் போன நல்ல பையன்களை எனக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடு.

பட்டை விஷயத்தில் எங்கள் காலத்துக் கணக்கு இது: பத்து வருடத்தில் முதல்நிலை, அதிலிருந்து ஐந்து வருடத்தில் ஏட்டு, இன்னும் பத்து வருடத்தில் சிறப்பு எஸ்.ஐ. தண்டனை எதுவும் இல்லாமல் இருந்தால்தான் இந்தக் கணக்கு. நடுவில் ஒரு சார்ஜ் மெமோ வந்தால் அது முடியும்வரை அப்படியே நிற்க வேண்டியதுதான். படிப்பை விடாதே. நேரடி எஸ்.ஐ. தேர்வில் துறையில் இருப்பவர்களுக்குத் தனி ஒதுக்கீடு இருக்கிறது. நான் எழுதாமல் விட்டேன். என் பேட்ச்சில் எழுதியவர் இன்ஸ்பெக்டராகி எனக்கே மெமோ கொடுத்தார்.

என் கணவர் சென்னையில் முதல்நிலைக் காவலர். வாரத்தில் ஒரு நாள் லீவு என்று அரசாணை போட்டார்களே, அது எங்கள் வீட்டுக்கு மட்டும் ஏன் வருவதில்லை?
– பெயர் வேண்டாம்

அரசாணை 2021-இல் வந்தது உண்மை. இரண்டாம் நிலைக் காவலர் முதல் ஏட்டு வரை வார ஓய்வு உண்டு. பிறந்தநாளுக்கும் திருமண நாளுக்கும்கூட விடுப்பு தரச் சொல்லி அதே வருடம் சுற்றறிக்கை வந்தது. நான் சேர்ந்த காலத்தில் கல்யாணத்துக்கு லீவு கேட்டவனையே, ‘யாருக்குக் கல்யாணம்?’ என்று கேட்பார்கள். அந்த வகையில் இது பெரிய மாற்றம்தான்.

ஆனால் நகரம் என்றால் பந்தோபஸ்து. மயிலாப்பூர் அறுபத்துமூவர், விநாயகர் சிலைக் கரைப்பு, சேப்பாக்கத்தில் மேட்ச், காணும் பொங்கலுக்கு மெரினா, இதற்கு நடுவே கட்சிக் கூட்டங்கள். அந்தந்த ஸ்டேஷன் ஆள் எதற்கும் பற்றாது. எல்லா ஸ்டேஷனிலிருந்தும் ‘இத்தனை பேர் அனுப்பு’ என்று மைக்கில் வரும். ரைட்டர் முதலில் தேடுவது இன்றைக்கு ஓய்வில் இருப்பவர் பட்டியலைத்தான். நானும் அதைச் செய்திருக்கிறேன், அம்மா. ஆட்களே இல்லாத இடத்தில் வேறு எங்கே தேடுவது? ஸ்டேஷன் பலத்தில் கொஞ்சம் பேர் எப்போதும் அயல்பணியில், வேறு அலுவலகங்களில் இருப்பார்கள். சம்பளக் கணக்கு மட்டும் இங்கே. அவர்களைத் திருப்பி அனுப்பினாலே பாதி வீடுகளுக்கு லீவு வந்துவிடும்.

உங்கள் கணவர் செய்யக்கூடியது, ரத்தான ஒவ்வோர் ஓய்வு நாளையும் தேதி போட்டு எழுதிவைப்பது. வாயால் கேட்டால் மறந்துவிடுவார்கள், எழுத்தில் மனு கொடுத்தால் ரைட்டர் அதைத் தபாலில் ஏற்றியே ஆக வேண்டும்.

அதிகாரிகள் வீட்டில் காவலர்கள் துணி துவைப்பது நின்றுவிட்டதா?
– வாசகர், தஞ்சாவூர்

ஆர்டர்லி முறையை ஒழித்து 1979-இலேயே அரசாணை போட்டாகிவிட்டது. 2022-இல் உயர் நீதிமன்றம் அதை நிறைவேற்றச் சொல்லிக் கடிந்துகொண்டது. நடுவில் எத்தனை வருடம் என்று நீங்களே கழித்துப் பாருங்கள்.

பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்தவருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும்?
– வாசகி, வேளச்சேரி

தண்ணீர்.

மதிப்பெண் சான்றிதழ் பஸ்ஸில் தொலைந்துவிட்டது. ஸ்டேஷனில் அலைய விடுகிறார்கள்.
– வாசகர், காஞ்சிபுரம்

போகவே வேண்டாம். தமிழ்நாடு காவல்துறையின் குடிமக்கள் இணையதளத்தில், தொலைந்த ஆவணம் பற்றிய அறிக்கையை வீட்டிலிருந்தே பதிந்து அச்செடுத்துக்கொள்ளலாம். கட்டணம் இல்லை. சான்றிதழ், லைசென்ஸ், ஆர்.சி. புத்தகம், பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் அதே வழி. சி.எஸ்.ஆர். என்ன ஆயிற்று என்று பார்ப்பதும் அங்கேயேதான். திருடு போயிருந்தால் மட்டும் இது உதவாது, புகார்தான்.

விபத்து வழக்கில் என் பைக் ஸ்டேஷன் வாசலில் மழையில் நனைந்துகொண்டிருக்கிறது. ‘கோர்ட்டில் வாங்கிக்கொள்’ என்கிறார்கள். வண்டி இங்கே நிற்கும்போது கோர்ட்டில் எப்படி வாங்குவது?
– வாசகர், பல்லாவரம்

வண்டி ஸ்டேஷனில் நின்றாலும் கணக்கில் கோர்ட்டின் பொறுப்புக்குப் போய்விடும். முதலில் ஃபார்ம் 95 கோர்ட்டுக்குப் போய்விட்டதா என்று ரைட்டரிடம் கேளுங்கள். பல வண்டிகள் துருப்பிடிப்பது இந்த ஒரு தாள் போகாததால்தான். போய்விட்டது என்றால் அந்த எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். விபத்து வழக்கு என்பதால் மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பார்த்து அறிக்கை தந்துவிட்டாரா என்பதையும் கேளுங்கள். அதற்கு முன் விட மாட்டார்கள்.

அப்புறம் ஆர்.சி., இன்ஷூரன்ஸ், உங்கள் அடையாள அட்டை ஆகியவற்றின் நகலோடு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் வாகனத்தைத் திரும்பக் கேட்டு மனு போடுங்கள். புதுச் சட்டத்தின் பிரிவு 503. காவல்துறையின் ஆட்சேபணை கேட்டு, ஜாமீன் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு உத்தரவு போடுவார்கள். வண்டியை விற்கக் கூடாது, நிறம் மாற்றக் கூடாது, கேட்கும்போது கொண்டுவர வேண்டும் என்று நிபந்தனை இருக்கும். புதுச் சட்டத்தில் பொருளைப் படமோ வீடியோவோ எடுத்துவைத்துக்கொண்டு சீக்கிரம் விடச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் வழக்கறிஞர் 497-ஆம் பிரிவைச் சுட்டிக்காட்டட்டும்.

உத்தரவோடு ஸ்டேஷனுக்குப் போனதும் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். அதற்கு முன் பேட்டரி, கண்ணாடி, பெட்ரோல் டேங்க் மூடி மூன்றையும் பார்த்துவிடுங்கள். ஒரு கேனில் பெட்ரோலும் எடுத்துப் போங்கள், டேங்க்கில் இருக்காது.